பத்தியைப் படித்து விடை எழுதுக: விடை கண் முன்னாலேயே இருக்கிறது

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதப் போகிறவர்கள் பலர் இலக்கணத்தையும் நூலாசிரியர் பெயர்களையும் மண்டையில் ஏற்றுவதிலேயே நாளைக் கழித்துவிட்டு, பத்தி வினாவை மட்டும் "அது சும்மா படிச்சா வந்துடும்" என்று விட்டுவிடுகிறார்கள். வராது. மனப்பாடமே தேவையில்லாத, விடையைக் கேள்வித்தாளிலேயே அச்சடித்துக் கொடுக்கிற ஒரே இடம் அதுதான், அங்கேதான் ஒன்றரை ஒன்றரையாக மதிப்பெண் கழன்று போகிறது.

சரி, ஒரு பத்தியை வைத்தே பார்ப்போம்.

"பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. மண்டபத்தையும் ராமேசுவரம் தீவையும் இணைத்த இப்பாலத்தின் நீளம் சுமார் 2 கி.மீ. 1964 டிசம்பரில் வீசிய புயலில் பாலம் பெரும் சேதமடைந்தது. அதைச் சீரமைக்க முதலில் ஆறு மாதக் கெடு விதிக்கப்பட்டது. பின்னர் அது மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. பொறுப்பேற்ற பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாட்களில் பணியை முடித்தார். அருகில் கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது."

படி 1: பத்தியைத் தொடாதீர்கள், முதலில் கேள்விக்குப் போங்கள். 200 கேள்விக்கு 3 மணி நேரம் என்றால் ஒன்றுக்கு 54 நொடிதான், எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் பத்தியை ரசித்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது. கேள்வியை மட்டும் படியுங்கள். விடைத் தெரிவுகளை இப்போது பார்க்க வேண்டாம், அவை நம்மைக் குழப்பத்தான் அங்கே இருக்கின்றன.

படி 2: கேள்வி என்ன கேட்கிறது? ஆளையா, இடத்தையா, எண்ணையா, காரணத்தையா? "பாலத்தைப் பழுதுபார்க்க எடுத்துக்கொண்ட காலம் எவ்வளவு?" என்றால் தேட வேண்டியது ஒரு கால அளவு. எண்கள் எழுத்துகளுக்கு நடுவே துருத்திக்கொண்டு நிற்கும், கண்ணை மேலிருந்து கீழே ஓட்டினாலே தட்டுப்படும்.

படி 3 கொஞ்சம் நிதானமாகச் செய்ய வேண்டியது, ஏனென்றால் கேள்வி எடுப்பவர் வேலை காட்டுவது இங்கேதான். பத்தியில் "பழுதுபார்க்க" என்ற சொல்லே இல்லை, "சீரமைக்க" என்றுதான் இருக்கிறது. அதே சொல்லைத் தேடினால் கிடைக்காது, அதே பொருளைத் தேட வேண்டும். கிடைத்த வரியையும் அதை ஒட்டிய வரிகளையும் பார்த்தால் கால அளவு ஒன்றில்லை, மூன்று: ஆறு மாதம், மூன்று மாதம், 46 நாள். தெரிவுகளில் மூன்றும் கண்டிப்பாக இருக்கும். அவசரக்காரர் "சீரமைக்க" என்ற சொல்லைப் பார்த்த வேகத்தில் பக்கத்திலிருக்கும் ஆறு மாதத்தைக் கருப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். கேட்டது கெடு இல்லை, எடுத்துக்கொண்ட காலம். அதனால் விடை இருக்கிற வரியோடு முன் வரி, பின் வரி இரண்டையும் சேர்த்தே படியுங்கள். வினாத்தொகுப்பில் விடையைக் குறிக்கக் கூடாது என்பதால் விரலை அந்த வரியில் வைத்துக்கொள்ளுங்கள். விரல் வைக்க வரி இல்லையென்றால் அது விடையே இல்லை.

அப்புறம், "பத்தியில் இடம்பெறாத செய்தி எது?" என்ற வகை. இதில் நானே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஊர் ராமநாதபுரம் பக்கம். ஒரு மாதிரித் தேர்வில் இதே பாம்பன் பத்தி வந்ததும் "அட, நம்ம ஊர்க் கதை" என்று ஒரே குஷி. நான்கு தெரிவுகளில் ஒன்று, புயலில் ரயில் அடித்துச் செல்லப்பட்டது என்பது. தனுஷ்கோடி ரயில் கதையைச் சின்ன வயதிலிருந்து அப்பத்தா வாயால் கேட்டுக் கேட்டு, அதைப் பத்தியிலும் படித்ததாகவே மனசு நம்பிவிட்டது. அதை விட்டுவிட்டு வேறெதையோ நிரப்பினேன். ரயில் போனது உண்மைதான், ஆனால் பத்தியில் அப்படி ஒரு வரி இல்லை. அதுதான் விடை. உங்களுக்குத் தெரிந்த விஷயம் என்று ஒரு பத்தி வந்தால் கூடுதலாகவே பயப்படுங்கள்.

இந்த வகைக்கு ஒரே வழி, நான்கு தெரிவுகளையும் ஒவ்வொன்றாகப் பத்தியில் சரிபார்ப்பது. நீளம், இருக்கிறது. பொறியாளர் பெயர், இருக்கிறது. புதிய பாலம் திறந்த நாள், இருக்கிறது. மிஞ்சியது விடை. கேள்வியில் "இடம்பெறாத", "தவறான", "அல்லாத" என்று வந்தால் அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிக்கொள்ளுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் பாதி வழியில் சரியான கூற்றைத் தேட ஆரம்பித்துவிடுகிற பழக்கம் அதில்தான் எனக்கு நின்றது.

தேடியும் கிடைக்கவில்லையா? தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, ஆகவே "விடை தெரியவில்லை" என்ற ஐந்தாவது வட்டத்துக்கு ஓடுவதற்கு முன் இன்னொரு தடவை வரிகளைப் பாருங்கள்.

இப்போது ஒன்று உங்களுக்கு: "பணியை முடிக்கத் திருத்தி விதிக்கப்பட்ட கெடு எவ்வளவு?" கை 46 பக்கம் போனால் மறுபடி படி 3.