முதலைக்குப் பல்லியைவிட கோழிதான் நெருங்கிய சொந்தம்: பரிணாம மரத்தைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாமரையும் அல்லியும் சேற்றில் வேர்விட்டு, தண்ணீருக்கு மேலே பூக்கின்றன. தாவரவியலாளர்களே நெடுங்காலம் இரண்டையும் ஒரே குடும்பத்தில் வைத்திருந்தார்கள். டி.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெளிவானது. அல்லி, பூக்கும் தாவரங்களின் வரலாற்றில் மிக ஆரம்பத்திலேயே பிரிந்துபோன ஒரு கிளையைச் சேர்ந்தது. தாமரைக்கும் அதற்கும் நெருங்கிய உறவு இல்லை. தாமரையின் சொந்தங்கள் தரையில் ஓங்கி வளரும் மரங்கள்: சில்வர் ஓக், மக்கடாமியா.

நெருங்கிய சொந்தம் என்று உயிரியலாளர்கள் சொல்லும்போது அதற்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. உங்கள் கூடப்பிறந்தவரோடு நீங்கள் சேரும் இடம் அப்பா அம்மா. சித்தப்பா மகனோடு சேரும் இடம் தாத்தா பாட்டி. சித்தப்பா மகன் அச்சு அசலாக உங்களைப் போலவே இருக்கலாம்; கூடப்பிறந்தவர் கொஞ்சமும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். அதனால் உறவுமுறை மாறிவிடாது. உயிரினங்களுக்கும் இதே கணக்குதான்: யாருடைய பொது மூதாதை பிந்தைய காலத்தில் வாழ்ந்ததோ, அவர்கள்தான் நெருக்கம். கீழே வரும் தவறுகள் எல்லாமே இதை மறப்பதால் வருபவை.

“பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது, அதனால் சொந்தம்”

ஒற்றுமை மூன்று வழிகளில் வரலாம். அவற்றில் இரண்டு நம்மை ஏமாற்றும்.

ஒன்று, தாமரையும் அல்லியும் போல, ஒரே மாதிரி வாழ்க்கை ஒரே மாதிரி உடலைத் தனித்தனியாக உருவாக்குவது. கறையானும் எறும்பும் அப்படித்தான். ராணி, வேலைக்காரர்கள், பெரிய கூடு என்று எல்லாம் ஒத்துப்போகும். ஆனால் எறும்பு குளவி, தேனீக்களின் கூட்டம். கறையானோ கரப்பான்பூச்சிகளின் கிளைக்குள்ளிருந்தே முளைத்தது.

இரண்டாவது வகை இன்னும் நுட்பமானது. ஒற்றுமை பரம்பரையாகவே வந்திருக்கும். ஆனால் மிகப் பழைய சொத்தாக இருக்கும். முதலையும் பல்லியும் செதில் தோலோடு நான்கு காலில் ஊர்ந்து போகின்றன. பார்த்த மாத்திரத்தில் ஒரே கூட்டம் என்று தோன்றும். ஆனால் அந்த உடலமைப்பு பறவைகளின் முன்னோர்களிடமும் இருந்ததுதான். பறவைகள் அதிலிருந்து வெகுவாக மாறிவிட்டன, முதலையும் பல்லியும் அவ்வளவாக மாறவில்லை. பழசை விடாமல் வைத்திருப்பது நெருக்கத்துக்குச் சாட்சி ஆகாது.

சாட்சி ஆவது மூன்றாவது வகை மட்டுமே: ஒரு மூதாதையிடம் புதிதாகத் தோன்றி, அதன் வழித்தோன்றல்களுக்கு வந்து சேர்ந்த பண்பு. ஜெர்மன் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் 1950-ல் இதைத் தெளிவான முறையாக எழுதி வைத்தார். என் பார்வையில், டார்வினுக்குப் பிறகு வகைப்பாட்டியலில் நடந்த மிகப் பெரிய திருப்பம் அதுதான். இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் முதலையின் நான்கு அறை இதயம் முக்கியமாகிறது. பல்லிக்கு அது கிடையாது, பறவைக்கு உண்டு. சரி, பாலூட்டிகளுக்கும் நான்கு அறை இதயம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அது தனியாகத் தோன்றியது. மண்டையோடு, டி.என்.ஏ. என்று மற்ற சாட்சிகளையும் சேர்த்துப் பார்க்கும்போது பாலூட்டிகளின் கிளை வெகு முன்பே பிரிந்துவிட்டது தெரிகிறது. ஒற்றைப் பண்பை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதற்கும் இதே இதயம்தான் உதாரணம்.

ஆக, முதலைக்குப் பல்லியைவிட கோழிதான் நெருக்கம். அப்படியானால் பறவைகளை வெளியே விட்டுவிட்டு ‘ஊர்வன’ என்று ஒரு பெட்டி போடுவது, அண்ணனை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு தம்பியை வெளியே நிறுத்துவது போல. இன்றைய வகைப்பாட்டில் ஒரு குழு என்றால் ஒரு மூதாதையும் அதன் வழித்தோன்றல்கள் அத்தனையும் அதில் இருக்க வேண்டும். இதை கிளேடு என்பார்கள். ‘மீன்’ என்ற பெட்டிக்கும் இதே சிக்கல் உண்டு: நுரையீரல் மீனுக்கு கெண்டையைவிட பசு நெருங்கிய சொந்தம். பேச்சில் மீன், ஊர்வன என்று சொல்வதில் தவறில்லை. அந்தச் சொற்களை வைத்து உறவைத் தீர்மானிப்பதுதான் தவறு.

“பக்கத்தில் எழுதியிருக்கிறது, அதனால் நெருக்கம்”

உயிரினங்களின் உறவைக் கிளைகளாக வரைந்த மரப்படத்தை (அடியில் மூதாதை, மேலே நுனிகளில் இன்றைய உயிரினங்கள்) பார்க்கிறவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். நுனிகளில் இடமிருந்து வலமாக சுறா, தவளை, பல்லி, முதலை, கோழி என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சுறாவின் கோடு பிரிகிறது, அப்புறம் தவளை, அப்புறம் பல்லி. கடைசியில் முதலையும் கோழியும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. இப்போது சொல்லுங்கள்: தவளைக்கு நெருக்கம் சுறாவா, கோழியா?

சுறா பக்கத்தில் இருக்கிறது, நடுவில் எதுவும் இல்லை. கோழியோ கடைசியில் இருக்கிறது. அதனால் சுறா என்றே பலரும் சொல்வார்கள். நுனிகளை விட்டுவிட்டுக் கோடுகளைப் பிடித்துக் கீழே இறங்குங்கள். தவளையின் கோடும் கோழியின் கோடும் ஒரு கணுவில், அதாவது கிளைகள் பிரியும் புள்ளியில், சேர்கின்றன. சுறாவைச் சந்திக்க அதையும் தாண்டி இன்னும் பழைய கணுவுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஆகவே கோழிதான் நெருக்கம். பல்லி, முதலை, கோழி மூன்றும் தவளைக்குச் சரிசமமான சொந்தம் என்பதையும் கவனியுங்கள். மூன்றோடும் அது சேர்வது அதே ஒரு கணுவில்தான்.

ஒவ்வொரு கணுவும் சுழலும் கீல் மாதிரி. அதில் பிரியும் கிளைகளை இடம் வலமாக மாற்றிப்போடலாம். மேலே சொன்ன மரத்தையே சுறா, கோழி, முதலை, பல்லி, தவளை என்று வரைந்தாலும் அது அதே மரம்தான். இப்போது சுறாவுக்குப் பக்கத்தில் கோழி வந்துவிட்டது. உறவில் எதுவும் மாறவில்லை. ஒரு தாளில் நீங்களே இரண்டு விதமாகவும் வரைந்து பாருங்கள், இந்தத் தவறு மறுபடி வராது.

“குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது?”

மரத்தை ஏணியாகப் படிப்பதால் வரும் கேள்வி இது. சிம்பன்சி நம் மூதாதை அல்ல, பங்காளி. இரு கிளைகளுக்கும் பொதுவான மூதாதை ஏறக்குறைய 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அது சிம்பன்சியும் அல்ல, மனிதனும் அல்ல. அன்றிலிருந்து இரு பக்கமும் அதே அளவு காலம் கடந்திருக்கிறது, இரு பக்கமும் மாறியிருக்கின்றன.

‘பழமையான உயிரினம்’ என்ற சொல்லையும் நான் முடிந்தவரை தவிர்க்கிறேன். ஆஸ்திரேலியப் பாலூட்டியான பிளாட்டிபஸ் முட்டையிடுகிறது என்பது பழைய பண்பு, சரி. ஆனால் இரையின் தசைகளில் எழும் மின்துடிப்பை உணரும் அதன் அலகு அதன் வழியில் வந்த சிறப்பு. பழமை என்பதைப் பண்புக்குச் சொல்லலாம், இன்று உயிரோடிருக்கும் இனத்துக்குச் சொல்ல முடியாது.

“ஒரு மரபணுவைப் பார்த்தால் போதும்”

போதாது. 2012-ல் கொரில்லாவின் முழு மரபணுத் தொகுதி வெளியானபோது, அதில் ஏறக்குறைய 30 சதவீதப் பகுதிகள் வேறு கதை சொன்னது தெரியவந்தது. அந்த இடங்களில், மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் இடையே உள்ள நெருக்கத்தைவிட அவற்றில் ஒன்றுக்கும் கொரில்லாவுக்கும் இடையே உள்ள நெருக்கம் அதிகம். காரணம், பழைய மூதாதைக் கூட்டத்தில் ஒரே மரபணுவுக்குப் பல வடிவங்கள் இருந்தன. கிளைகள் அடுத்தடுத்துப் பிரிந்தபோது எந்த வடிவம் எந்தக் கிளைக்குப் போய்ச் சேர்ந்தது என்பது தற்செயல். மீதிப் பெரும்பகுதி மனிதனையும் சிம்பன்சியையும்தான் சேர்க்கிறது. பாக்டீரியாக்களில் இது இன்னும் சிக்கல். உறவில்லாத பாக்டீரியாக்கள்கூட மரபணுக்களைக் கைமாற்றிக்கொள்கின்றன.

வகுப்பு, வரிசை, குடும்பம் என்ற படிநிலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் இந்தப் படிநிலை முறையை அமைத்தது 1735-ல்; ‘குடும்பம்’ என்ற படி அதில் பின்னால் சேர்ந்தது. பரிணாமத்தை விளக்கிய டார்வினின் நூல் வந்தது அதற்கு வெகு பின், 1859-ல். பூச்சிகளில் ஒரு ‘குடும்பம்’ என்பதும் பறவைகளில் ஒரு ‘குடும்பம்’ என்பதும் வயதிலோ அளவிலோ சமமானவை அல்ல. அவற்றை எண்ணி ஒப்பிடுவதில் பயனில்லை.

“மரம் மாறிக்கொண்டே இருக்கிறது, அதனால் நம்ப முடியாது”

திமிங்கிலத்தை எடுத்துக்கொள்வோம். லின்னேயஸ் முதலில் அதை மீன்களோடு வைத்தார், 1758 பதிப்பில் பாலூட்டிகளுக்கு மாற்றினார். பாலூட்டிகளில் அதன் நெருங்கிய சொந்தம் நீர்யானை என்று 1990-களில் மரபணுக்கள் காட்டின. எலும்புகளை ஆராய்ந்தவர்களில் பலர் ஏற்கவில்லை. 2001-ல் பாகிஸ்தானில் கிடைத்த, கால்களோடு இருந்த பழைய திமிங்கிலங்களின் புதைபடிவங்கள் வெளியாயின. அவற்றின் கணுக்கால் எலும்பு மான், பன்றி, நீர்யானைகளுக்கு உள்ளதைப் போன்ற இரட்டை உருளை வடிவில் இருந்தது. திமிங்கிலம் அந்தக் கூட்டத்துக்குள்தான் சேர்கிறது என்பதை எலும்பும் சொல்லிவிட்டது.

எந்தக் கணு உறுதியானது, எது தள்ளாடுவது என்பதை நல்ல மரப்படங்கள் தாமே காட்டும். கணுவுக்குப் பக்கத்தில் 98, 61 என்று எண்கள் இருந்தால் பெரும்பாலும் அவை ஆண்டுகள் அல்ல. தரவைத் திரும்பத் திரும்பக் கலைத்து மாதிரி எடுத்தபோது, எத்தனை சதவீதம் முறை அந்தக் குழு மறுபடி உருவானது என்பதன் கணக்கு. 98 என்றால் தரவு அந்தக் குழுவை உறுதியாக ஆதரிக்கிறது. 61 என்றால் பொறுத்துப் பாருங்கள். ஒரே புள்ளியிலிருந்து மூன்று நான்கு கோடுகள் கிளம்பினால், அவை ஒரே நேரத்தில் பிரிந்தன என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எது முதலில் பிரிந்தது என்று வரைந்தவரால் இன்னும் முடிவு செய்ய முடியவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள். விலங்குகளின் மரத்தின் அடியிலேயே அப்படி ஓர் இடம் இருக்கிறது: முதலில் பிரிந்தது கடற்பஞ்சா, சீப்பு ஜெல்லியா (ஜெல்லிமீன் போலத் தோன்றும் கடலுயிரி) என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.