சீமெந்துக்கு முன்னால் வெண்கட்டி: அயல் சந்தையைத் திருத்தும் முறை

சந்தை திருத்தப் புறப்படுகிறவர்கள் முதலில் தேடுவது வரைபடத்தை. அது கடைசியில் வரவேண்டியது. கொழும்பில் வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ, முதல் இரண்டு கிழமையும் சந்தைக்குள் நின்று ஆட்களை எண்ணுங்கள். ஞாயிறு காலை, வேலைநாள் மாலை 5 முதல் 7 மணி வரை, ஒரு வெள்ளிக்கிழமை, மழை கொட்டும் ஒரு நாள். வெள்ளியை விட்டுவிடாதீர்கள். பல வீடுகளில் அன்று சைவச் சமையல் என்பதால் மீன் பக்கம் ஓய்ந்து, கீரை, வாழையிலை, பூப் பக்கம் நெரியும். ஞாயிறை மட்டும் பார்த்துக் கீறிய வரைபடத்தில் பூக்காரருக்கு மூலைதான் மிஞ்சும்.

அடுத்து பெயர்ப் பட்டியல். வாடகைப் பதிவில் ஒருவர் பெயர் இருக்கும், கடையில் நிற்பவர் வேறொருவராக இருப்பார். இருவரையும் எழுதுங்கள். வாசலில் சாக்கு விரித்து வல்லாரை விற்கும் அம்மாவையும் மூட்டை தூக்கும் நாட்டாமிமாரையும் சேருங்கள். இட அளவு, விற்கும் சாமான், வரும் நேரம், ஒரு படம் போதும். கூட்டத்தைச் சந்தை ஓய்ந்திருக்கும் பகல் 2 மணிக்கு, தமிழிலும் சிங்களத்திலும் வையுங்கள். மாலையில் வைத்தால் சங்கத் தலைவர் மட்டுமே வருவார்.

இனி வெண்கட்டி. எந்த வியாபாரியும் கூடையைக் கடைக் கோட்டிலிருந்து ஒன்றரை அடி வெளியேதான் வைப்பார். தண்டம் போட்டாலும் நிற்காது, ஏனென்றால் கண்ணில் பட்டால்தான் தக்காளி விற்கும். ஆகவே அந்த ஒன்றரை அடியைக் கணக்கிலேயே சேருங்கள். இருபுறமும் கூடைக்கு ஒன்றரை அடி வீதம், குனிந்து பொறுக்குகிறவருக்கு இரண்டடி வீதம், நடுவில் சாக்கோடு போகிறவருக்கு மூன்றடி: மொத்தம் 10 அடி. 6 அடிப் பாதை தாளில் போதுமானதாகத் தெரியும். ஒரு நாட்டாமி மூட்டையோடு நுழைந்ததும் இரண்டு பக்க வியாபாரமும் நின்றுவிடும். நிலத்தில் வெண்கட்டியால் கோடு கீறி, பிளாஸ்டிக் பெட்டிகளை மேசையாக அடுக்கி, ஒரு கிழமை அப்படியே விற்கவிடுங்கள். கோடு எங்கே முதலில் அழிகிறதோ அங்கே பாதை போதவில்லை.

மீன் பகுதியை வடகிழக்கு மூலைக்குக் கொண்டுபோங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று வாடையை வெளியே தள்ளிவிடும். தரைக்கு 5 அடிக்கு 1 அங்குலம் சரிவு வேண்டும். கழிவுநீர்க் கான், வாங்குகிறவர் நிற்கும் பக்கத்தில் அல்ல, விற்பவரின் காலடியில் ஓடட்டும். கான் வெளியேறும் இடத்தில் கழற்றிக் கழுவக்கூடிய வலைக்கூடை வையுங்கள், இல்லாவிட்டால் செதிள் சேர்ந்து குழாயை அடைக்கும். மூடிகளை இரண்டடித் துண்டுகளாகச் செய்தால் ஒருவரே தூக்கலாம். பாரமான கொங்கிரீட் மூடியை யாரும் திறப்பதில்லை, நாற்றம் பிடிப்பது அதனால்தான்.

கூரையில் வெளிச்சத்துக்குப் போடும் தகடு வெள்ளையாக இருக்கட்டும். பச்சைத் தகட்டின் கீழ் புதிய பாரை மீனும் பழசாகத் தெரியும், வியாபாரி பகலிலும் மின்குமிழ் போடுவார். சுவருக்கும் கூரைக்கும் இடையே காற்றுக்கு இடைவெளி விட்டு, கூரையை மூன்றடி வெளியே நீட்டுங்கள், சாரல் உள்ளே வராது.

குப்பைக்கு இரண்டு தொட்டி, உக்குவது தனியாக. லொறி பின்வாங்கி வரக்கூடிய பக்கத்தில் வையுங்கள். 2017 ஏப்ரலில் கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லை குப்பைமேடு சரிந்த பிறகும் கலந்து கொட்டுவதற்குச் சாட்டே கிடையாது.

மரக்கறிக் கடையை மேல்மாடிக்கு ஏற்றாதீர்கள். மூன்று கிலோ பையோடு யாரும் படியேற மாட்டார்கள். மேலே தையல்காரர், கைபேசி திருத்துபவர் தாக்குப்பிடிப்பார்கள்.

வேலை நடக்கும் மாதங்களில் தற்காலிகக் கடைகள் அதே தெருவில், பழைய வாசலிலிருந்து தெரியும் தூரத்தில் இருக்கவேண்டும். வாடிக்கை கலைந்தால் புதுக் கட்டடத்துக்கு அது திரும்பி வராது. புது இடங்களை எல்லோர் முன்னாலும் சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள், மீனுக்கு வேறு பெட்டி, மரக்கறிக்கு வேறு பெட்டி. பிறகு ஒவ்வொருவருக்கும் கடிதம்: இட இலக்கம், அளவு, வாடகை, திரும்பும் திகதி. திகதி எழுதாத கடிதத்தை நம்பி எந்த வியாபாரியும் கடையைக் கழற்றக்கூடாது.