டாக்டரிடம் "ஹார்ட் பெயின்" என்று சொல்வதற்கு முன்

ஆங்கிலம் பேசும் நாட்டுக்குப் புதிதாகக் குடிவந்தால் வங்கிக் கணக்கு, சிம் கார்டு, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் வழிகாட்ட ஆள் கிடைப்பார்கள். வந்த வாரமே குடும்ப டாக்டரிடம் பெயரைப் பதிந்துவிடுங்கள். அந்த டாக்டர் முன்னால் மனநிலையை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்பதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

என் தோழி ஒருத்திக்கு வந்த புதிதில் தூக்கம் போயிற்று, காரணமே தெரியாமல் அழுகை. நமக்கு மனசு வலிக்கும், நெஞ்சு அடைக்கும். அதை அப்படியே "ஹார்ட் பெயின், செஸ்ட் டைட்" என்று சொல்லிவிட்டாள். நெஞ்சுவலி என்று காதில் விழுந்தால் எந்த டாக்டரும் முதலில் இதயத்தைத்தான் பார்ப்பார், பார்க்கவும் வேண்டும். இசிஜி, ரத்தப் பரிசோதனை, எல்லாம் நார்மல், வீட்டுக்குப் போகலாம். "வேறு ஏதாவது?" என்று கேட்டதற்கு "கொஞ்சம் டென்ஷன்" என்று சிரித்துவிட்டு வந்திருக்கிறாள். அப்புறம் பல வாரம் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். இத்தனைக்கும் ஆங்கில மீடியத்தில் படித்தவள். லீவ் லெட்டர் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள், அழுகை வருகிறது என்று சொல்ல ஒருவரும் சொல்லித்தரவில்லையே என்று எனக்கு இன்னும் ஆத்திரம்.

நம் "டென்ஷன்" சுமக்கும் கனம் அந்த ஊர் டாக்டர்கள் காதுக்கு எட்டாது. பயமும் பதைப்பும் என்றால் "ஆங்ஷியஸ்". எந்நேரமும் திடுக்திடுக்கென்று இருந்தால் "ஆன் எட்ஜ்". தொட்டதற்கெல்லாம் எரிச்சல் வந்தால் "இரிட்டபிள்". துவண்டு கிடந்தால் "லோ" அல்லது "டவுன்". எதையும் சமாளிக்க முடியாமல் திணறினால் "ஓவர்வெல்ம்ட்". அழுகைகூட வராமல் மரத்துப்போயிருந்தால் "நம்ப்". இதைத் தயங்காமல் சொல்லுங்கள். "ஃபீல் பண்றேன்" பாணியில் நிறுத்திக்கொண்டால், என்ன ஃபீல் என்று அவர் காத்திருப்பார்.

எத்தனை நாளாக என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மனச்சோர்வை அளக்கும் பிஹெச்க்யூ-9 என்ற 9 கேள்வித் தாளை டாக்டர் நீட்டலாம். கடந்த 2 வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்றுதான் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. கௌரவத்துக்காக எல்லாவற்றுக்கும் "நாட் அட் ஆல்" என்று டிக் அடித்தால் பூஜ்ஜியம் வரும், உதவியும் வராது. செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்ததா என்று கடைசிக் கேள்வி கேட்கும். வந்திருந்தால் மறைக்கவே மறைக்காதீர்கள். இந்தத் தாள் தமிழிலும் உண்டு.

நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக்கொட்டினால், மூச்சு வாங்கினால், வார்த்தை தேடாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மொழிபெயர்க்கக் கணவரையோ பிள்ளையையோ பக்கத்தில் உட்காரவைக்க வேண்டாம். அவர்கள் முன்னால் பாதியை விழுங்கிவிடுவோம். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேட்டுவிடுங்கள்.