ரப்பர் பேண்டைச் சூடாக்கினால் நீளுமா, சுருங்குமா?

இரும்பு சூட்டில் நீளும். ரப்பர்? வீட்டிலேயே பார்த்துவிடலாம். அரை அங்குல அகல ரப்பர் பேண்ட் (மளிகைக் கடையில் பொட்டலத்துக்குப் போடும் மெல்லிசு ஆகாது), கனமான பூட்டு, ஹேர் டிரையர், பென்சில் போதும். அறுந்தால் சுள்ளென்று அடிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

1. பேண்டைச் சட்டென்று இழுத்து, இழுத்தபடியே மேலுதட்டில் வையுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். அப்படியே அரை நிமிடம் பிடித்திருந்து, தளரவிட்டு மறுபடி வைத்தால் ஜில்லென்றிருக்கும். 1805-இல் இதைப் பதிவுசெய்த ஆங்கிலேய அறிஞர் ஜான் கஃப் பார்வையற்றவர். அவரும் உதட்டைத்தான் நம்பினார்.

2. சுவரோரம் ஓர் ஆணியில் பேண்டை மாட்டி, பூட்டைத் தொங்கவிடுங்கள். பேண்ட் இரண்டு மடங்காவது நீள வேண்டும். பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். புது பேண்ட் கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். பிறகு பூட்டின் அடியைச் சுவரில் குறியுங்கள்.

3. மேலும் கீழுமாக டிரையரைக் காட்டுங்கள். பூட்டு சில மில்லிமீட்டர் மேலேறும்!

ஏன்? ரப்பர் என்பது ஐசோபிரீன் என்ற சின்ன மூலக்கூறு அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீளச் சங்கிலிகளின் சிக்கல். பிள்ளைகள் கைகோத்து நேர்வரிசையில் நிற்பதாக நினையுங்கள். பாட்டுப் போட்டு ஆடச் சொன்னால், இரு முனையில் நிற்பவர்களும் உள்ளே இழுபடுவார்கள். பாட்டு வேகமானால் இழுப்பும் கூடும். அந்த வேகம்தான் வெப்பம்.

சங்கிலிகள் வழுக்கி ஓடிவிடாமல் ஆங்காங்கே முடிச்சுப் போடுவது கந்தகம். 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டது. முடிச்சு கொஞ்சமென்றால் ரப்பர் பேண்ட், மிக அதிகமென்றால் பழைய பேட்டரிப் பெட்டிகளின் கெட்டி எபோனைட்.

குளிரில் ஆட்டம் மந்தமாகும். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் சிதறியதன் காரணம் அங்கேதான்: பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பை அடைக்க வேண்டிய ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப்போயிருந்தது. விசாரணையின்போது இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் அந்த ரப்பர்த் துண்டைக் கவ்வியால் நெருக்கி ஐஸ் தண்ணீரில் போட்டெடுத்தார். கவ்வியைத் தளர்த்தியும் அது உடனே நிமிரவில்லை.

உங்கள் பூட்டு ஏறாமல் இறங்கினால் பதற வேண்டாம். முதல் தடவை எனக்கும் அப்படித்தான். பூட்டுக்குப் பதில் சாவிக்கொத்தைத் தொங்கவிட்டிருந்தேன். பேண்ட் பத்து சதவீதம்கூட நீளாதபோது, ரப்பரும் இரும்பைப் போலச் சூட்டில் நீளத்தான் செய்யும். கனத்தைக் கூட்டுங்கள்.