பிரிட்டனில் பழைய மோட்டார்ஹோம் வாங்கும் முன்

பள்ளி விடுமுறைக் காலத்தில் விடுதிக் கட்டணம் ஏறுவதைக் கண்ட குடும்பங்களுக்கு, ஸ்காட்லாந்து மலைகளுக்கும் கார்ன்வால் கடற்கரைக்கும் சொந்த வண்டியிலேயே தங்கிச் சமைத்துச் சென்றுவரும் விருப்பம் எழுவது இயல்பே. பழைய மோட்டார்ஹோம் அதற்கு நல்ல வழி. ஆனால், வண்டியைத் தேடுவதற்கு முன் உங்கள் ஓட்டுநர் உரிமத்தை எடுத்துப் பாருங்கள்.

இந்திய, இலங்கை உரிமங்களைக் கொண்டு, இங்கே குடியேறியதிலிருந்து 12 மாதங்கள் மட்டுமே ஓட்டலாம். பிறகு பிரிட்டிஷ் தேர்வில் தேறியாக வேண்டும். அத்தேர்வில் ஆட்டோமேட்டிக் காரில் தேறியவர் கியர் வண்டியை ஓட்ட இயலாது; பழைய மோட்டார்ஹோம்களிலோ பெரும்பாலானவை கியர் வண்டிகளே. மேலும், 1997 ஜனவரி 1 முதல் கார் தேர்வில் தேறியவர்கள் ஓட்டக்கூடிய டீசல், பெட்ரோல் வண்டிகளின் உச்ச எடை 3,500 கிலோ. ஆட்களும் தண்ணீரும் எரிவாயு உருளையும் சாமான்களும் அந்த எடைக்குள் அடங்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர் என்றால் அதுவே 100 கிலோ. ஆகவே, ஆறு பேர் படுக்கலாம் என்று விற்கப்படும் பெரிய வண்டியில் ஆறு பேரும் சாமான்களோடு சட்டப்படி பயணம் செய்ய முடியாமல் போகலாம். படுக்கைகளை மட்டும் எண்ணாமல் சீட் பெல்ட்டுகளையும் எண்ணுங்கள். ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கும் வீடுகளில் இது முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

இருவர் அடிக்கடி குறும்பயணம் செய்வதென்றால் வேனை மாற்றியமைத்த சிறு வண்டியே போதும்; குறுகிய மலைச்சாலைகளில் அது எளிதாகச் செல்லும். குழந்தைகள் உள்ளவர்களுக்கு ஓட்டுநர் அறைக்கு மேல் படுக்கை அமைந்த வகை இடவசதியானது, விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால், அந்த மேற்புற மடிப்புகளின் வழியேதான் மழைநீர் அதிகம் புகும்.

பழைய மோட்டார்ஹோமை உண்மையில் அழிப்பது எஞ்சின் கோளாறைவிட ஈரக்கசிவுதான் என்பது என் உறுதியான கருத்து. சுவருக்குள் இருக்கும் மரச்சட்டம் வெளியே தெரியாமலே உளுத்துப்போகும். அதைச் சீர்செய்யும் செலவு வண்டியின் விலையையே எட்டக்கூடும். சன்னல் ஓரங்களையும் அலமாரிகளின் உள்மூலைகளையும் விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்து மெத்தென்று உள்வாங்கினாலோ பூஞ்சை வாடை வீசினாலோ அந்த வண்டியை விட்டுவிடுங்கள். சோறு வடித்துக் குழம்பு கொதிக்கும் நம் சமையலில் ஆவி அதிகம் என்பதால், கூரைக் காற்றுவழி நன்கு திறக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் நடைபெறும் எம்.ஓ.டி. சோதனை சாலைப் பாதுகாப்புக்கானதே. ஈரக்கசிவையோ சமையல் அடுப்பின் எரிவாயு இணைப்பையோ அது ஆராயாது. எனவே, தகுதியுள்ள பொறியாளரிடம் குடியிருப்புப் பகுதிச் சோதனையைத் தனியே செய்வித்தல் வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் தயாரிப்புக் காலத்தைக் காட்டும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அதிகம் ஓடாத வண்டிகளில் டயர் தேய்வதற்கு முன்பே முதிர்ந்துவிடும். லண்டனில் வசிப்பவர்கள் யூலெஸ் (ULEZ) எனப்படும் புகைமாசுக் கட்டுப்பாட்டு விதியையும் கருத வேண்டும்: யூரோ 6 என்னும் புகைத் தரத்தை எட்டாத, 3,500 கிலோவுக்கு உட்பட்ட டீசல் வண்டிக்கு, ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு கட்ட நேரும்.

கையிலுள்ள பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடாமல், டயர், பேட்டரி, டைமிங் பெல்ட், காப்பீடு ஆகியவற்றுக்கு ஒரு பகுதியை ஒதுக்கி வையுங்கள். வண்டியின் மீது கடன் நிலுவை உள்ளதா என்று சிறு கட்டணம் செலுத்தி அறியலாம், பழைய எம்.ஓ.டி. முடிவுகளை அரசு இணையதளத்தில் இலவசமாகவே காணலாம். விற்பவர் செலுத்திய சாலை வரி வாங்குபவருக்கு மாறாது என்பதால், வரியும் காப்பீடும் உங்கள் பெயரில் அமைந்த பிறகே வண்டியை எடுத்து வாருங்கள்.