தண்ணீர் நிற்கும் நேரத்தில் குழாயைக் காப்பது எப்படி: கடலோர வீடுகளுக்கும் தொழில்களுக்கும் ஒரு வழிகாட்டி

இராமநாதபுரம் கடற்கரையோர ஊர்கள் பலவற்றில் குடிநீர்க் குழாய் நாளின் பெரும்பகுதி வெறுமையாகவே கிடக்கிறது. திருச்சிப் பக்கம் காவிரியில் எடுத்து, வழிநெடுக நீரேற்று நிலையங்கள் வைத்துத் தள்ளிக்கொண்டு வரப்படும் தண்ணீரை முறை வைத்துத்தான் திறந்துவிட முடிகிறது. தண்ணீர் வரும் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறோம்; குடத்தை வரிசையில் வைப்பதும் தள்ளுவண்டியைத் தயார் செய்வதும் அதற்காகத்தான். ஆனால் குடிநீர் கெடுவதற்கான வாய்ப்பு, தண்ணீர் நின்றுபோன பிறகுள்ள மணி நேரங்களில்தான் அதிகம். அந்த நேரத்தில் குழாய் தண்ணீர் கொடுப்பதை நிறுத்திவிட்டு, தன் வாயருகே எது கிடக்கிறதோ அதை உள்ளே இழுக்கத் தொடங்குகிறது. இதைத்தான் பின்னோட்டம் என்கிறோம்.

மண்ணெண்ணெய் டின்னில் ரப்பர் குழாயைப் போட்டு ஒரு முறை வாயால் உறிஞ்சிவிட்டால் பிறகு தானாக வழியும் என்பது நம் வீடுகளில் பார்த்த காட்சி. தெருக்குழாயிலும் அதுவே நடக்கிறது. தாழ்வான பகுதியில் யாரோ ஒருவர் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போது மேல்நிலைத் தொட்டியின் வால்வு மூடப்பட்டால், குழாயில் மிச்சமுள்ள தண்ணீர் அவர் வீட்டை நோக்கி இறங்கும். இறங்கும் தண்ணீர் தனக்குப் பின்னால் வெற்றிடத்தை உண்டாக்கும். அந்த வெற்றிடத்தை நிரப்ப, திறந்து கிடக்கும் மற்ற குழாய்கள் காற்றையோ அழுக்கு நீரையோ உறிஞ்சும். மின்தடையால் நீரேற்றம் நின்றாலும், வழியில் பிரதான குழாய் உடைந்தாலும், தீயணைப்பு வண்டிக்கு ஒரே இடத்தில் பெருமளவு தண்ணீர் எடுத்தாலும் இதே நிலைதான். இது பின்னுறிஞ்சல். மற்றொரு வகை பின்னழுத்தம்: நம் வீட்டுப் போர் (ஆழ்துளைக் கிணற்று) மோட்டாரோ மாடித் தொட்டியோ தெருக்குழாயைவிட அதிக அழுத்தம் கொடுத்து, வீட்டுத் தண்ணீரைத் தெருவுக்கே தள்ளிவிடுவது. பத்து மீட்டர் உயரத்தில் நிற்கும் தண்ணீர் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கொடுக்கும். இரண்டு மாடி வீட்டின் தொட்டி ஏழெட்டு மீட்டர் உயரத்தில் இருக்கும். கடைக்கோடித் தெருவின் குழாயிலோ பல நேரம் இரண்டு மீட்டர் உயரத்துக்குக்கூட அழுத்தம் இருப்பதில்லை. இரண்டையும் இணைத்தால் எது எதைத் தள்ளும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குழிக்குள் இருக்கும் குழாய்

நம் பகுதியில் மிக அதிகமாகக் காணப்படுவதும், நான் மிகவும் அஞ்சுவதும் குழிக் குழாய்தான். அழுத்தம் போதாமல் தரைக்கு மேல் தண்ணீர் ஏறாததால், வாசலில் இரண்டடி மூன்றடி ஆழத்துக்குக் குழி தோண்டி, குழாயை அதற்குள் இறக்கி, குடத்தையும் உள்ளே இறக்கிப் பிடிக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தக் குழியைக் குனிந்து பாருங்கள். பாசி பிடித்த செங்கல், ஒரு சாண் உயரத்துக்கு நிற்கும் கலங்கல் தண்ணீர், அதில் மிதக்கும் வேப்பிலை, அந்தத் தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும் குழாயின் வாய். குழாயின் திருகு தேய்ந்து போயிருந்தால், தண்ணீர் நின்ற சில நிமிடங்களில் அந்தக் கலங்கல் நீர் குழாய்க்குள் ஏறிவிடும். மறுமுறை தண்ணீர் விடும்போது அதைக் குடிப்பவர் அந்த வீட்டுக்காரராக மட்டும் இருக்க மாட்டார். அதே குழாயில் தண்ணீர் பிடிக்கும் தெருவே அதைக் குடிக்கும்.

இது கற்பனைப் பயமன்று. 1969 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஹோலி கிராஸ் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியைச் சேர்ந்த 97 பேரில் 90 பேருக்குக் கல்லீரல் அழற்சி நோய் தொற்றியது. பயிற்சித் திடலுக்கு நீர் பாய்ச்சும் குழாய் முனைகள் தரை மட்டத்துக்குக் கீழே பதிக்கப்பட்டிருந்தன. அவற்றைச் சுற்றித் தேங்கிய நீரில், மஞ்சள் காமாலை கண்டிருந்த அக்கம்பக்கத்துக் குழந்தைகள் விளையாடியிருந்தனர். நகரில் ஒரு தீ விபத்தை அணைக்கத் தண்ணீர் எடுத்தபோது அழுத்தம் விழுந்து, தேங்கிய நீர் குழாய்க்குள் இழுக்கப்பட்டது. அதே குழாயின் தண்ணீரை வீரர்கள் பிற்பாடு குடித்தார்கள். நம் குழிக் குழாய்க்கும் அதற்கும் எந்த வேறுபாடும் இல்லை.

ஆகவே குழியை மூடி, குழாயின் வாய் தரைக்கு மேல் ஓரடி உயரத்திலாவது இருக்கும்படி உயர்த்த வேண்டும். அப்படிச் செய்தால் தண்ணீர் ஏறாதே என்பது நியாயமான கேள்வி. பெரும்பாலான தெருக்களில் அழுத்தம் குறைவதற்குக் காரணம், முன்வரிசை வீடுகள் குழாயிலேயே மோட்டாரை இணைத்து உறிஞ்சுவது. சாதாரண வீட்டு மோட்டாரே ஆறேழு மீட்டர் ஆழத்திலிருந்து தண்ணீரை இழுக்கக்கூடியது; அது தெருக்குழாயில் நேராக இணைக்கப்படும்போது தண்ணீரோடு சேர்த்து, குழாயின் ஒவ்வொரு விரிசல் வழியாகவும் மண்ணையும் கழிவையும் இழுக்கிறது. நம் மணற்பாங்கான நிலத்தில் கழிப்பறை உறிஞ்சுகுழியின் கசிவு எவ்வளவு தூரம் பரவும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தெருவில் கூடிப் பேசி, ஒரே ஒரு முறை எல்லா மோட்டார்களையும் கழற்றிவிட்டுத் தண்ணீர் விடச் சொல்லிப் பாருங்கள். கடைசி வீட்டுக்கும் எவ்வளவு உயரத்துக்கு ஏறுகிறது என்பது அன்றே தெரிந்துவிடும். அதன் பிறகும் ஏறாவிட்டால், தெருவை இரண்டு பகுதியாகப் பிரித்துத் தனித்தனி நேரத்தில் தண்ணீர் விடும்படி ஊராட்சியிடம் எழுத்து மூலம் கேட்கலாம்.

ஒரு செம்புத் தண்ணீரில் சோதனை

உங்கள் தெருவில் பின்னுறிஞ்சல் இருக்கிறதா என்பதை அறிய கருவி எதுவும் தேவையில்லை. தண்ணீர் நின்ற உடனே, கொதிக்க வைத்து ஆறிய சுத்தமான தண்ணீரை ஒரு செம்பில் எடுத்து, குழாயின் வாய் அதில் முங்கும்படி பிடித்துக்கொண்டு, குழாயை மெல்லத் திறக்க வேண்டும். செம்பின் தண்ணீர் மட்டம் இறங்கினால், அல்லது செம்பு உள்ளங்கையோடு மேலே இழுபடுவது போலத் தோன்றினால், அந்தக் குழாய் உறிஞ்சுகிறது என்று பொருள். பக்கத்து வீடுகளில் மோட்டார் ஓடும் நேரத்தில் ஒரு முறையும், வால்வு மூடப்பட்ட நேரத்தில் ஒரு முறையும் பார்ப்பது நல்லது.

இரண்டாவது சோதனை, போர் வைத்திருக்கும் வீடுகளுக்கானது. தெருக்குழாயில் தண்ணீர் இல்லாத நேரத்தில், வீட்டின் போர் மோட்டாரை ஓடவிட்டு, வாசலில் உள்ள குடிநீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். அதில் ஒரு சொட்டு வந்தாலும், காற்று சீறினாலும், வீட்டுக்குள் எங்கோ இரண்டு குழாய்களும் சந்திக்கின்றன.

உச்சிப்புளிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு தெருவுக்கு மட்டும் முதல் இரண்டு குடம் உப்பாக வருகிறது என்று என்னை அழைத்திருந்தார்கள். வீடு வீடாக வால்வை மூடிப் பார்த்ததில், ஆறாவது வீட்டை மூடியதும் உப்பு நின்றது. கழிப்பறைச் சுவரின் சிமென்டைக் கொத்தியபோது, காவிரிக் குழாயையும் போர்க் குழாயையும் சேர்க்கும் ஒரு டீ (மூன்று வாய் கொண்ட இணைப்பான்), அதற்குப் பக்கத்தில் ஒரு கேட் வால்வு. மணல் சிக்கி, திருகு முழுவதும் இறங்காமல் அரை நூல் இடைவெளி இருந்தது. காவிரித் தண்ணீர் வராத நாளில் போர்த் தண்ணீரைத் திருப்பிக்கொள்ள, வீடு கட்டிய காலத்தில் யாரோ வைத்தது. இப்போது குடியிருப்பவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. அந்த வீட்டு அம்மா கலங்கிப் போய், "நாங்களுந்தானப்பா இத்தனை நாளா அதே தண்ணியக் குடிச்சோம்" என்றார். அவர்மீது குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கேட் வால்வை நம்பி இரண்டு தண்ணீரைச் சேர்த்து வைப்பது எந்தக் காலத்திலும் பாதுகாப்பாகாது. குழாயை வெட்டி, இரண்டு முனைகளுக்கும் மூடி போட்டுவிடுவதே தீர்வு.

அங்கே உப்பு இருந்ததால் நாக்கு கண்டுபிடித்துவிட்டது. கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35,000 மில்லிகிராம் உப்புகள் உள்ளன. நூறு லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரே லிட்டர் கடல்நீர் கலந்தாலும் 350 மில்லிகிராம் கூடிவிடும். குடிநீரில் கரைந்துள்ள திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பதும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்பதும் இந்தியத் தர அளவு. கழிவுநீர் சிறிதளவு கலந்தால் நாக்குக்கு எதுவும் தெரியாது என்பதே கவலைக்குரியது.

காற்று இடைவெளி

பின்னோட்டத்தைத் தடுக்கும் வழிகளில் எளியதும், பழுதாகவே முடியாததும் காற்று இடைவெளிதான். குழாயின் வாய்க்கும், தொட்டியில் தண்ணீர் ஏறக்கூடிய மிக உயர்ந்த மட்டத்துக்கும் இடையில் திறந்த வெளி இருக்க வேண்டும். அது குழாய் விட்டத்தின் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும், எவ்வளவு சிறிய குழாயாக இருந்தாலும் 25 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அரை அங்குலக் குழாய்க்கு ஓர் அங்குலமும், ஓர் அங்குலக் குழாய்க்கு இரண்டு அங்குலமும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். தரையடி சம்ப்பில் இந்த அளவை நிரம்பி வழியும் விளிம்பிலிருந்து எடுக்க வேண்டும். மிதவை வால்வு மூடும் மட்டத்திலிருந்து எடுக்கக் கூடாது, ஏனெனில் வால்வு பழுதானால் தண்ணீர் விளிம்பு வரை ஏறும். தண்ணீர் விழும் சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காக மிதவை வால்வின் வாயில் ஒரு துண்டுக் குழாயைச் செருகித் தொட்டியின் அடி வரை இறக்கிவிடும் வழக்கம் சில பிளம்பர்களிடம் உண்டு. அந்தத் துண்டு, காற்று இடைவெளியை முழுவதுமாக அழித்துவிடுகிறது; இன்றே அறுத்து எடுத்துவிடுங்கள். சம்ப்பின் மூடி தரையிலிருந்து முக்கால் அடியாவது உயர்ந்து, மழைநீர் உள்ளே வழியாதபடி இருக்கட்டும். மோட்டாரை அந்தச் சம்ப்பிலிருந்து இழுக்குமாறு அமைத்தால் தெருக்குழாய்க்கும் உங்கள் வீட்டுக்கும் எந்த உறிஞ்சலும் இராது.

ஹோஸ் பைப்புக்கும் இதே விதிதான். மாட்டுத் தொட்டியிலும், பூச்சி மருந்து கலக்கும் டிரம்மிலும், துணி ஊறும் வாளியிலும் ஹோஸின் முனையை முங்கவிட்டுப் போகக் கூடாது. மீன் இறங்குதளங்களில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: விசைப்படகுக்குக் குடிநீர் நிரப்பும்போது ஹோஸை டிரம்முக்குள் அடி வரை விட்டுவிட்டு வலையைச் சரிசெய்யப் போய்விடுகிறோம்; மீன் கழுவும் தளத்தில் இரத்தமும் செதிலும் கலந்த நீரில் ஹோஸ் கிடக்கிறது. டிரம்மின் வாயில் ஒரு கம்பி வளையம் கட்டி, ஹோஸின் முனை விளிம்புக்கு ஒரு சாண் மேலே நிற்கும்படி மாட்டிவிட்டால் போதும்.

வால்வுகளை எங்கே நம்பலாம்

கடையில் என்.ஆர்.வி. என்று கேட்டால் கிடைக்கும் ஒருவழி வால்வு ஓரளவே உதவும். அதன் தகட்டில் ஒரு மணல் துகளோ, உப்புப் படிவோ சிக்கினால் அது திறந்தபடியே நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சுத்தமான இரண்டு தண்ணீருக்கு இடையே கூடுதல் காப்பாக அதை வைக்கலாம். கழிவோ மருந்தோ உள்ள இடத்தில் அதை மட்டும் நம்பக் கூடாது. தொழிற்கூடங்களுக்கென்று இரண்டு ஒருவழி வால்வுகளுக்கு நடுவே அழுத்தத்தைக் குறைத்து வைத்து, ஏதேனும் ஒன்று கசிந்தால் நடுவிலுள்ள வால்வு வழியாகத் தண்ணீரை வெளியே கொட்டிவிடும் தடுப்பான்கள் உண்டு. அவை நல்லவை, ஆனால் ஆண்டுக்கொரு முறையாவது பயிற்சி பெற்றவர் சோதிக்க வேண்டும். அந்த வசதி இல்லாத ஐஸ் கம்பெனி, இறால் பண்ணை, மருத்துவமனை, தங்கும் விடுதி ஆகியவற்றுக்கு நான் சொல்வது இடைத்தொட்டி: தெருக்குழாய்த் தண்ணீர் காற்று இடைவெளியோடு ஒரு தொட்டியில் விழட்டும், அங்கிருந்து தனி மோட்டார் எல்லாவற்றுக்கும் அனுப்பட்டும். இராமேசுவரம் போன்ற யாத்திரை ஊர்களில் விடுதிகள் இதில் அலட்சியமாக இருக்கவே கூடாது. 1933 இல் சிகாகோவின் இரண்டு விடுதிகளில், குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் கலந்ததால் பரவிய அமீபா சீதபேதியில் 98 பேர் இறந்தனர்; அவர்களில் பலர் உலகக் கண்காட்சி பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள். நோய் வெளிப்பட்டபோது அவர்கள் தத்தம் ஊர்களுக்குத் திரும்பியிருந்ததால் காரணத்தைக் கண்டறியவே நாளாயிற்று.

கலந்துவிட்டது என்று தெரிந்தால்

வீட்டு வால்வை மூடிவிட்டு, தொட்டி இயக்குபவருக்கு உடனே சொல்லுங்கள்; எந்த நேரத்தில் எத்தனை குடம் அப்படி வந்தது என்பதைக் குறித்துக் கொடுத்தால் தேடுவது எளிதாகும். கொதிக்க வைப்பது கிருமியைக் கொல்லும். உப்பையும் மருந்தையும் அகற்றாது. குழாய் நுனியில் குளோரின் மிச்சம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் குளோரின் காட்டும் சோதனை உங்கள் வீட்டில் மட்டும் காட்டவில்லையென்றால், கோளாறு இரண்டு வீட்டுக்கும் இடையிலோ உங்கள் வீட்டுக்குள்ளோ இருக்கிறது. ஜல் ஜீவன் திட்டத்தில் பயிற்சி பெற்ற பெண்கள் ஊராட்சிகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் உள்ள சோதனைப் பெட்டியில் கிருமி பார்க்கும் சிறு குப்பியும் இருக்கும். அதில் தண்ணீரை நிரப்பி நிழலில் வைத்தால், மலக்கழிவு கலந்திருக்கும் தண்ணீர் ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும். கறுத்தால் அந்தத் தெருவின் எல்லா இணைப்புகளையும் மேலே சொன்ன முறையில் மூடி மூடிப் பார்த்து, கழிவு கலக்கும் இணைப்பைக் கண்டறிந்து வெட்டிய பிறகு, குழாயைக் குளோரின் நீரால் அலசி, மறுபடியும் ஒரு குப்பி வைத்துப் பார்க்க வேண்டும். அது தெளிவாகவே நிற்கும் வரை குடிப்பதற்கு வேறு தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.