அரசுக் கலைக் கல்லூரியில் முதல் பருவம்: புதிய மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளியில் ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டுமென்றால் வகுப்பாசிரியரே நம்மைத் தேடி வந்து கையெழுத்து வாங்கிக்கொள்வார். அரசுக் கலை அறிவியல் கல்லூரியில் அப்படி யாரும் தேடி வருவதில்லை. உதவித்தொகை, கட்டணச் சலுகை, மனநல ஆலோசனை ஆகியவை இருக்கத்தான் செய்கின்றன. ஆனால், கேட்பவருக்கு, அதுவும் உரிய நாளுக்குள் கேட்பவருக்கே அவை கிடைக்கின்றன. குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிப் படியேறும் மாணவருக்கு இதை வீட்டில் சொல்லித்தர ஆள் இருக்காது என்பதால், அவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

சேர்ந்த முதல் வாரத்தில் உங்கள் வகுப்புக்குப் பொறுப்பான ஆசிரியராகிய டியூட்டர் யார் என்பதைத் தெரிந்துகொண்டு, அவரிடம் பெயர், ஊர், குடும்பச் சூழல் ஆகியவற்றைச் சொல்லி அறிமுகமாகிவிடுங்கள். பின்னாளில் விடுப்பு, உதவித்தொகை, இக்கல்லூரியில் படிக்கிறீர்கள் என்று காட்டும் போனஃபைடு சான்றிதழ் என எதற்குப் போனாலும் முதல் கையெழுத்து அவருடையதாகவே இருக்கும். துறைத் தலைவரும் முதல்வரும் அதன் பிறகே வருவார்கள். பல கல்லூரிகளில் கால அட்டவணை திங்கள், செவ்வாய் என்று ஓடாமல் 'டே ஆர்டர்' என்னும் ஆறு நாள் சுழற்சியில் ஓடும் என்பதால், இடையில் விடுமுறை வந்தால் மறுநாள் எந்த டே ஆர்டர் என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது.

பணம் தொடர்பான வேலைகளை முதல் மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்றும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்றும் தொடங்கப்பட்டன. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் இப்போது இவற்றைப் பெறலாம். வேறு உதவித்தொகை வாங்கினால் இது கிடைக்காது என்று சிலர் தவறாக எண்ணி விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். இரண்டையும் பெறத் தடையில்லை. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்றிதழோ ஓராண்டுதான் செல்லும் என்பதால், இ-சேவை மையத்தில் ஆண்டுதோறும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகும் பணம் வராமல் தவிப்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்த்திருக்கிறேன். காரணம் பெரும்பாலும் வங்கிக் கணக்கில்தான் இருக்கும். நீங்கள் படிவத்தில் எந்தக் கணக்கு எண்ணை எழுதியிருந்தாலும், நேரடிப் பணப் பரிமாற்றத்தில் உங்கள் ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்கே பணம் போகும். பள்ளியில் படிக்கும்போது தொடங்கி, பின்பு யாரும் தொடாமல் முடங்கிப்போன கணக்கில் அந்த இணைப்பு மாட்டிக்கொண்டிருந்தால் பணம் திரும்பிவிடும். ஆகவே வங்கிக் கிளைக்கு நேரில் சென்று, கணக்கு உங்கள் பெயரில் உயிரோடு இருக்கிறதா, ஆதார் அதனோடுதான் இணைந்திருக்கிறதா என்ற இரண்டையும் உறுதி செய்யுங்கள். கல்லூரியில் உங்களுக்குத் தரப்படும் யூமிஸ் (உயர்கல்வி மாணவர் விவரங்களைப் பதியும் அரசு இணையதளம்) எண்ணையும், அதில் பெயர் ஆதாரில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வருகைப் பதிவு. பருவத்துக்கு 90 வேலை நாள் என்று கொண்டால், 75 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க நீங்கள் எடுக்கக்கூடிய விடுப்பு மொத்தம் 22 நாள்தான். காய்ச்சல், திருவிழா, வீட்டுத் திருமணம், அறுவடை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 65 முதல் 75 விழுக்காடு வரை உள்ளவர்கள் மருத்துவச் சான்றும் அபராதமும் கொடுத்துத் தேர்வெழுதப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன. அதற்கும் கீழே போனால் அந்தப் பருவத் தேர்வு கைநழுவும். பகுதிநேர வேலைக்குப் போகும் மாணவர்கள் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி வைத்திருப்பது அவசியம்.

மதிப்பெண் முறை பரவலாக 25-க்கு உள்மதிப்பீடு, 75-க்குப் பல்கலைக்கழகத் தேர்வு என்றே அமைந்திருக்கிறது. இதில் 75-க்கு 30-உம் மொத்தத்தில் 40-உம் எடுத்தால் தேர்ச்சி என்பது வழக்கமான விதி. தன்னாட்சிக் கல்லூரிகளில் சற்று மாறலாம். எழுத்துத் தேர்வில் தேர்ச்சி பெறாமல் அரியர் விழுந்தால் மறுபடி எழுதலாம், ஆனால் தவறவிட்ட உள்தேர்வும் கொடுக்காத ஒப்படைப்பும் பெரும்பாலும் திரும்ப வராது. பழைய உள்மதிப்பெண்ணே கடைசி வரை கூடவே வரும்.

முதன்மைப் பாடத்தில் மூழ்கி மொழிப் பாடங்களைக் கைவிட வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-இல் உதவித்தொகையோடு சேர்ந்த இராமானுஜன், கணிதத்தில் மட்டும் கவனம் செலுத்திப் பிற பாடங்களில் தவறியதால் அந்த உதவித்தொகையையே இழந்தார். அவருடைய மேதைமைக்காகக்கூட விதி வளைந்துகொடுக்கவில்லை. ஆங்கிலத் தாள் அச்சமூட்டினால் முதல் உள்தேர்வு முடிந்த உடனேயே அந்த ஆசிரியரிடம் விடைத்தாளை எடுத்துக்கொண்டு போய், எங்கே மதிப்பெண் போனது என்று கேளுங்கள். மூன்றாம் பருவத்தில் நான்கு அரியரோடு போய்க் கேட்பதைவிட அது எவ்வளவோ எளிது.

தமிழ்வழிப் பிரிவில் இடம் கிடைத்தவர்கள் அதைத் தாழ்வாக நினைத்து ஆங்கிலவழிக்கு மாறத் துடிப்பதையும் காண்கிறேன். அரசுப் பணி நியமனத்தில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது; 2020-இல் செய்த திருத்தத்துக்குப் பின், ஒன்றாம் வகுப்பு முதல் உரிய கல்வித்தகுதி வரை முழுவதும் தமிழ்வழியாக இருந்தால்தான் அந்த உரிமை உண்டு. போட்டித் தேர்வு எழுதும் எண்ணம் இருப்பவர்கள் மாறுவதற்கு முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேலிவதை (ராகிங்) நேர்ந்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். தமிழ்நாட்டில் 1997 முதல் அது தனிச் சட்டத்தின்படி குற்றம். 1800-180-5522 என்ற எண்ணில் நாடு முழுவதும் புகார் பெறப்படுகிறது. பாலியல் தொல்லைக்கு ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். மனம் தாளாத நேரத்தில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

எந்தக் கோரிக்கையையும் வாய்மொழியோடு விடாமல் இரண்டு படிகள் எழுதி, ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றொன்றில் தேதியிட்ட முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். வீட்டுக் கஷ்டத்தால் படிப்பை நிறுத்தும் நிலை வந்தாலும், மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதுவதற்கு முன் டியூட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். பெயர் பதிவேட்டில் இருக்கும் வரை, விடுபட்ட தேர்வை எழுதவும் தடைப்பட்ட படிப்பைத் தொடரவும் அவரால் வழி தேடித் தர முடியும். சான்றிதழை வாங்கிச் சென்றவர் திரும்பி வந்தால், அந்த இடம் காலியாக இருக்குமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.